உறவினருக்குக் கொடுத்த பவர் தவறாகப் பயன்பட்டால்: முதலில் ரத்து, பிறகு பேச்சு



நம் மஹல்லாவில் பவர் எழுதிக் கொடுக்காத குடும்பம் குறைவு. சவூதியிலோ துபாயிலோ வேலை பார்க்கும் மகன், ஊரில் இருக்கும் மச்சானுக்கு எழுதிக் கொடுக்கிறார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலைய முடியாத உம்மா, மூத்த மகனுக்குக் கொடுக்கிறார். கணவரை இழந்த சகோதரி தன் தம்பிக்குக் கொடுக்கிறார். பெரும்பாலானவர்கள் அந்தப் பொறுப்பை நேர்மையாகவே நிறைவேற்றுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சில வீடுகளில் நிலம் கைமாறியது பவர் கொடுத்தவருக்கே தெரிவதில்லை. வாடகை வருகிறது, கணக்கு வருவதில்லை. கேட்டால், "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பலர் வாயடைத்துப் போகிறார்கள்.

இந்த நிலையில் இருக்கும் குடும்பம் என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்பதை இந்தக் கட்டுரையில் விளக்குகிறோம். பொதுவான விளக்கமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பத்திரங்களை ஒரு வழக்கறிஞர் நேரில் பார்ப்பதும் அவசியம்.

பவர் என்பது என்ன?

பேச்சுவழக்கில் பவர் என்று சொல்லும் பொது அதிகாரப் பத்திரம், ஒருவர் செய்ய வேண்டிய வேலையை அவர் சார்பில் இன்னொருவர் செய்ய அனுமதிக்கும் தாள். அந்தத் தாளால் சொத்து ஏஜென்டுக்குச் சொந்தமாவதில்லை. சொத்தின் உரிமை பவர் கொடுத்தவரிடமே இருக்கிறது. 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: பவர், கிரய ஒப்பந்தம், உயில் இவற்றை மட்டும் வைத்து நிலத்தின் உரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும்.

நம் மார்க்கத்தில் இதற்கு வகாலத் என்று பெயர். வகீலாக இருப்பவர் அமானிதம் சுமப்பவர். அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு சூரத்துந் நிஸாவின் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. வகீல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களின் செய்தி அழகான முன்மாதிரி. ஓர் ஆடு வாங்கி வரும்படி நபி (ஸல்) அவர்கள் அவரிடம் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அதில் இரண்டு ஆடுகள் வாங்கினார். ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றார். ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். தன் சாமர்த்தியத்தால் வந்த லாபம் என்று அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. நபி (ஸல்) அவர்கள் அவருடைய வியாபாரத்தில் பரக்கத் வேண்டி துஆ செய்தார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ளது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் இதே திசையில்தான் பேசுகிறது. ஏஜென்ட் கேட்டபோதெல்லாம் சரியான கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர் (பிரிவு 213). உரிமையாளருக்காக வாங்கிய பணத்தை, தனக்கு நியாயமாகச் சேர வேண்டியது போக, உரிமையாளரிடம் சேர்க்க வேண்டும் (பிரிவு 218). ஆகவே, "கணக்குக் காட்டுங்கள்" என்று கேட்பது சந்தேகப்படுவதாகாது. கேட்பவருக்கு அது ஹக். கொடுப்பவருக்கு அது கடமை.

தவறு எந்த வடிவங்களில் நடக்கிறது?

சொத்தை விற்றுவிட்டு உரிமையாளரிடம் மறைப்பது அதில் ஒன்று. மற்ற வடிவங்களையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஏஜென்ட் தன் மனைவி, மகன் அல்லது நெருங்கிய நண்பர் பெயருக்குக் குறைந்த விலையில் கிரயம் செய்வது அடிக்கடி நடக்கிறது. ஏஜென்ட் உரிமையாளருக்குத் தெரியாமல் தனக்காகவே பேரம் முடித்து, முக்கியமான விஷயத்தை நேர்மையில்லாமல் மறைத்திருந்தாலோ, அந்தப் பேரம் உரிமையாளருக்கு நஷ்டமாக இருந்தாலோ, அதை ஏற்க மறுக்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 215ஆம் பிரிவு தருகிறது. வகீல் பொருளைத் தனக்கே விற்றுக்கொள்ளக் கூடாது என்று ஃபிக்ஹ் நூல்களும் சொல்கின்றன.

விற்கக் கொடுத்த பவரை வைத்துத் தானசெட்டில்மெண்ட் எழுதுவது இன்னொன்று. பவர் பத்திரத்தில் எழுதியிருக்கும் அதிகாரம் மட்டுமே ஏஜென்டுக்கு உண்டு. நீதிமன்றங்கள் பவரின் வாசகத்தை இறுக்கமாகவே பொருள்கொள்கின்றன. விற்கும் அதிகாரத்துக்குள் தானமாகக் கொடுக்கும் அதிகாரம் தானாக வந்துவிடாது.

இவை தவிர, சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்குவது, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் போடுவது, வாடகையையும் குத்தகைப் பணத்தையும் தன் கணக்கில் வாங்கிக்கொள்வது என்று பட்டியல் நீள்கிறது. பத்திரம் கைமாறினால் வில்லங்கத்தில் தெரியும். வாடகை கைமாறினால் எந்த அலுவலகத்திலும் தெரியாது.

பவர் தானாகவே முடிந்துபோகும் நேரம்

பவர் கொடுத்தவர் இறந்தால் பவர் முடிந்துவிடுகிறது. அவர் புத்தி சுவாதீனத்தை இழந்தாலும் முடிந்துவிடுகிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வகாலத் பற்றிய ஷரீஅத் சட்டமும் இதுவே.

நம் வீடுகளில் அதிகம் மீறப்படுவது இந்த விதிதான். வாப்பா மவுத்தாகி இரண்டு மாதம் கழித்து, அவர் கொடுத்த பழைய பவரை வைத்து மகன் நிலத்தை விற்கிறார். தமிழ்நாட்டில் ஏஜென்ட் பத்திரம் பதிய வரும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றை சார்பதிவாளர் கேட்பது நடைமுறையில் இருக்கிறது. இறந்தவர் உயிரோடு இருப்பதாகப் பொய்ச் சான்று கொடுத்தால் அதுவே தனிக் குற்றம்.

இதில் யாருடைய ஹக் போகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்களை விட்டுவிட்டு இறக்கிறார். அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் எல்லாம் தீர்த்த பிறகு 32 லட்சம் ரூபாய் மதிப்புள்ள நிலம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, 4 லட்சம். மீதி 28 லட்சத்தில் மகனுக்கு 14 லட்சம், மகள்களுக்குத் தலா 7 லட்சம். பழைய பவரை வைத்து மகன் முழுவதையும் விற்றுப் பணத்தை வைத்துக்கொண்டால், 18 லட்சம் ரூபாய் தன் உம்மாவுடையதும் தன் உடன்பிறந்தவர்களுடையதும் ஆகும். "வாப்பா எனக்குத்தான் பவர் கொடுத்தார்" என்ற பேச்சு இங்கே செல்லாது. அந்தத் தாள் வாப்பாவோடு முடிந்துவிட்டது. அவர் இறந்த நேரத்திலிருந்து அது வாரிசுகள் எல்லோரின் சொத்து.

ஞாபக மறதி நோய் முற்றிய பெற்றோர் விஷயத்திலும் கவனம் தேவை. அவருக்கு விஷயம் புரியாத நிலை வந்த பிறகு பழைய பவரை வைத்துச் சொத்தை விற்க முடியாது. புதிதாகக் கைநாட்டு வாங்கினாலும் அந்தப் பத்திரம் நிற்காது. அவருடைய மருத்துவச் செலவுக்காகவே விற்க வேண்டியிருந்தாலும் நீதிமன்ற அனுமதி பெறுவதுதான் வழி.

ஏன் முதலில் ரத்து செய்ய வேண்டும்?

சந்தேகம் வந்ததும் நம் குடும்பங்கள் முதலில் செய்வது பேச்சு. பெரியவர்களைக் கூப்பிடுவது, ரமலான் முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுவது. பேச்சு நல்லதுதான். ஆனால் பேச்சு நடக்கும் நாட்களிலெல்லாம் பவர் உயிரோடு இருக்கிறது. கோபத்திலோ பயத்திலோ இருக்கும் ஏஜென்ட் அந்த இடைவெளியில் மீதிச் சொத்தையும் விற்றுவிடலாம்.

சட்டத்தில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. நீங்கள் பவரை ரத்து செய்தாலும், அந்தச் செய்தி ஏஜென்டுக்குத் தெரியும்போதுதான் அவரைப் பொறுத்தவரை ரத்து நடைமுறைக்கு வருகிறது. வெளி ஆட்களைப் பொறுத்தவரை, அவர்களுக்குத் தெரியும்போதுதான் வருகிறது. இது ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவு. ரத்து நடந்ததே தெரியாமல் நல்லெண்ணத்தில் பணம் கொடுத்து வாங்கியவர் இந்தப் பாதுகாப்பைக் காட்டி வாதாடுவார். அப்போது நஷ்டம் உங்கள் தலையில் விழக்கூடும். ஆகவே ரத்து எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரியப்படுத்துவதே மறுபாதி.

ரத்து செய்தால் உறவு முறிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பவரை ரத்து செய்வது யார்மீதும் குற்றம் சாட்டுவதாகாது. "இனி இந்த வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்பதே அதன் பொருள். கதவைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து பேசினால் பேச்சும் நிதானமாக இருக்கும்.

ரத்து செய்யும் முறை

முதல் நாளே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வீட்டிலிருந்தே பார்க்கலாம். பவர் எழுதிய தேதிக்கு முன்பிருந்து இன்றுவரை பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் வருவாய்த்துறை இணையதளத்தில் சரிபாருங்கள். பவர் பத்திரத்தின் நகல் கையில் இல்லையென்றால், பதிவான அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள்.

அடுத்து, பவர் பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பவர் ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். பழைய பவரின் ஆவண எண், ஆண்டு, சொத்து விவரம் எல்லாம் அதில் வர வேண்டும். சாதாரணப் பவராக இருந்தால் ரத்து செய்ய ஏஜென்டின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. சொத்து வேறு அலுவலக எல்லையில் இருந்தால் அங்கேயும் ரத்துப் பத்திர நகலுடன் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். சில நாள் கழித்து மறுபடி வில்லங்கம் போட்டு, ரத்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதாகத் தெரியப்படுத்துவது. ஏஜென்டுக்குத் தபாலில் ஒப்புகையுடன் நோட்டீஸ் அனுப்புங்கள். அசல் பவரையும் தாய்ப்பத்திரங்களையும் திருப்பிக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் தபாலை விட்டுவிடாதீர்கள். வங்கி, வாடகைக்கு இருப்பவர், குத்தகைக்காரர், ஏற்கனவே அட்வான்ஸ் கொடுத்திருப்பவர் ஆகியோருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். உள்ளூரில் விற்பனையாகும் தமிழ் நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுப்பது, "எங்களுக்குத் தெரியாது" என்ற பேச்சுக்கு இடம் வைக்காது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரத்துப் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகம் அல்லது துணைத் தூதரக அதிகாரி முன் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்பலாம். வெளிநாட்டில் கையெழுத்தான பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். பத்திரம் வந்து சேரும் முன்பே, ரத்து செய்யும் முடிவை ஏஜென்டுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏஜென்டுக்கே அந்தச் சொத்தில் உரிமை கலந்திருந்தால், உதாரணமாக அவர் உங்களுக்குப் பணம் கொடுத்து அதற்கு ஈடாகப் பவர் எழுதியிருந்தால், அவருடைய உரிமைக்குப் பாதகமாக ஒருதலையாக ரத்து செய்ய முடியாது (பிரிவு 202). ஆனால் பத்திரத்தில் 'ரத்து செய்ய முடியாத பவர்' என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. அவருக்கு உண்மையிலேயே உரிமை இருக்க வேண்டும். இப்படிப்பட்ட வாசகம் இருந்தால் நோட்டீஸ் அனுப்பும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கணக்குக் கேட்பது

ரத்து முடிந்த பிறகு கணக்குக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் பதிலும் வாய்மொழியாகவே வரும். கடிதத்தில் நான்கு கேள்விகள் போதும்: எந்தெந்தச் சொத்தில் என்ன செய்தீர்கள்? எவ்வளவு பணம் வந்தது? எதற்குச் செலவானது? மீதி எங்கே? பதில் தர 15 நாள் கொடுங்கள்.

நியாயமான செலவுகளை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுவரி, மராமத்து, வழக்குச் செலவு, அலைச்சலுக்கான போக்குவரத்துச் செலவு என்று அவர் கைப்பணம் போட்டிருக்கலாம். பல வருடம் ஊதியம் இல்லாமல் நமக்காக ஓடியிருக்கலாம். அதை மதித்துக் கழித்துவிட்டு மீதியைக் கேட்பதுதான் அத்ல். சில நேரம் தவறு நடக்கவே இல்லை, கணக்கு எழுதாததுதான் குழப்பம் என்றும் தெரியவரலாம். அதற்காகவும்தான் கணக்கு.

ஜமாஅத்தில் பேசும்போது

பெரியவர்கள் முன்னிலையில் சுமுகமாக முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. ஆனால் ஜமாஅத்தில் முடிவாவது தாளில் வர வேண்டும். என்ன தொகை, எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில் என்று எழுதி, இருவரும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டால் அதைப் பதிவு செய்த பத்திரத்தில்தான் செய்ய வேண்டும். ஜமாஅத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதால் நிலம் மாறாது.

கெடு ஒன்று வையுங்கள். 30 நாள், அதிகம் போனால் 60 நாள். அதற்குமேல் தவணை கேட்டால் வழக்கறிஞரிடம் போவதில் தவறில்லை. சட்டத்தில் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது; பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அது நிற்காது.

"குடும்ப விஷயத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாதே" என்று பாதிக்கப்பட்டவரை அடக்குவதை மட்டும் பெரியவர்கள் செய்யக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறோம். அநீதி செய்யும் சகோதரருக்கும் உதவுங்கள், அவரைத் தடுப்பதே அந்த உதவி என்பது நபிமொழியின் கருத்து. ஹக்கைப் பறிகொடுத்தவரிடம் மட்டும் ஸப்ர் செய்யச் சொல்வது அந்த உதவி ஆகாது.

ஏற்கனவே விற்றுவிட்டிருந்தால்

சிவில் நீதிமன்றத்தில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும், சொத்து உங்களுடையது என்று அறிவிக்கவும், கணக்குக் கேட்டும் வழக்குப் போடலாம். முதலில் கேட்க வேண்டியது இடைக்காலத் தடை உத்தரவு. அது கிடைத்தால் சொத்து மேலும் கைமாறாமல் இருக்கும். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது வாங்குபவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே.

பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கு, விவரம் உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து 3 வருடம்தான் அவகாசம். ஏஜென்டிடம் கணக்குக் கேட்கும் வழக்குக்கும் 3 வருடம். நீங்கள் கேட்டு அவர் மறுத்த நாளிலிருந்தோ, கேட்காமல் இருந்திருந்தால் பவர் முடிந்த நாளிலிருந்தோ அது ஓடும். உங்களுக்கு எப்போது, எப்படித் தெரியவந்தது என்பதை இன்றே ஒரு தாளில் தேதியோடு குறித்து வையுங்கள். நீங்கள் போட்ட வில்லங்கச் சான்றின் தேதியும் பின்னால் உதவும்.

நம்பி ஒப்படைத்ததைக் கையாடுவதும் ஏமாற்றுவதும் குற்றங்களும் ஆகும். 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 316, 318 பிரிவுகள் வரலாம். அதற்கு முன் நடந்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 406, 420 பிரிவுகள். போலிக் கையெழுத்து இருந்தால் அதற்குத் தனிப் பிரிவுகள் உண்டு. காவல் நிலையத்திலோ மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலோ புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டை நினைவில் வையுங்கள். போலீஸ் புகாரால் மட்டும் பத்திரம் ரத்தாகாது, அதற்கு சிவில் வழக்கு வேண்டும். மிரட்டுவதற்காக மிகைப்படுத்திப் புகார் எழுதினால் உண்மையான பகுதியும் பலவீனமாகும். மார்க்கத்திலும் அது பொய்ச் சாட்சியத்தின் பக்கம் போய்விடும்.

பெண்களும் முதியவர்களும் கவனிக்க

"எனக்கு என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது, தம்பி கையெழுத்துப் போடச் சொன்னான், போட்டேன்" என்பது நம் சகோதரிகள் பலர் சொல்வது. அப்படிச் சொல்ல வெட்கப்படாதீர்கள். பர்தா பேணி வெளியுலகத் தொடர்பு குறைவாக வாழும் பெண்களிடமும் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களிடமும் வாங்கிய பத்திரம் என்றால், அவர் அதைப் புரிந்து, சுயமாக முடிவெடுத்துத்தான் கையெழுத்திட்டார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அதனால் பலனடைந்தவர்மீது விழும் என்பது இந்திய நீதிமன்றங்களில் நெடுங்காலமாக நிலைத்த விதி.

பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் வழக்கறிஞரை அவர்களே நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567. 60 வயது கடந்தவர், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பிறகு கைவிடப்பட்டிருந்தால், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம்.

இனி பவர் கொடுக்கப் போகிறவர்களுக்கு

கொடுக்கவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அளவோடு கொடுங்கள்.

ஒரு வேலைக்கு ஒரு பவர். வாடகை வசூலிக்க வேண்டுமென்றால் அதற்கு மட்டும். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள். பத்திர எழுத்தர் வழக்கமாக வைத்திருக்கும் நீண்ட மாதிரியை அப்படியே ஏற்காமல், ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சொத்தை சர்வே எண்ணோடு குறிப்பிடுங்கள். "எனக்குச் சொந்தமான எல்லாச் சொத்துகளும்" என்று எழுத வேண்டாம். எந்தத் தேதிவரை செல்லும் என்று போடுங்கள். விற்பதாக இருந்தால் குறைந்தபட்ச விலையையும், பணம் உங்கள் வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். தானம், அடமானம், வேறொருவருக்கு அதிகாரத்தை மாற்றிக் கொடுப்பது ஆகியவை கூடாது என்று தெளிவாகவே எழுதிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் அசையாச் சொத்து தொடர்பான பவர், இங்கேயே எழுதப்படுவதாக இருந்தால் பதிவு செய்யப்பட வேண்டும். நோட்டரி கையெழுத்து மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெற்று முத்திரைத் தாளில் கையெழுத்துப் போட்டு எந்த உறவினரிடமும் கொடுக்காதீர்கள். அசல் தாய்ப்பத்திரம் உங்களிடமோ வங்கி லாக்கரிலோ இருக்கட்டும். வருடத்துக்கு இருமுறை வில்லங்கம் பாருங்கள். வேலை முடிந்ததும், உறவு நன்றாக இருக்கும்போதே, பவரை ரத்து செய்துவிடுங்கள். சண்டை இல்லாத நாளில் செய்யும் ரத்து யார் மனதையும் நோகடிக்காது.

பவர் வாங்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

உங்களில் பலர் நேர்மையாக உழைக்கிறீர்கள். அந்த நேர்மை தாளிலும் தெரியட்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு வரவு செலவு எழுதுங்கள். ரசீதுகளைக் கோப்பில் வையுங்கள். கேட்கும் முன்பே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்புங்கள். உங்கள் உழைப்புக்குக் கூலி வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்டு, தொகையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அது ஹலால். கேட்காமல் எடுத்துக்கொள்வதுதான் பாவம். நாளை உங்களுக்கு ஏதாவது நேர்ந்தாலும் உங்கள் பிள்ளைகள்மீது யாரும் விரல் நீட்டாமல் இருக்க அந்த நோட்டுப் புத்தகம் போதும்.

இதைப் படிக்கும்போது உங்கள் வீட்டுப் பவர் ஒன்று நினைவுக்கு வந்திருந்தால், இந்த வாரமே மூன்று வேலை செய்யுங்கள். பவர் நகலை எடுத்துப் படியுங்கள். வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கொடுத்தவர் இன்று உயிரோடும் தெளிவோடும் இருக்கிறாரா, பவர் இன்னும் தேவைப்படுகிறதா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஒவ்வொருவரின் ஹக்கையும் நம் உறவுகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை உரியவரிடம் சேர்க்கும் தவ்ஃபீக்கைத் தருவானாக. ஆமீன்.